மொட்டை மாடியில் ஒரு கணினி

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். மேல்தொட்டி நிறைந்து பக்கத்து வீட்டு சன்ஷேடு மேல் தண்ணீர் கொட்டும் சத்தம். அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படி வேலையில் இறங்கியிருப்பார். கோவையில் எங்கள் பகுதிக்கு நல்ல தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்று சம்பில் பிடித்து வைத்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொள்வோம். அந்தத் தண்ணீர் வீணாகக் கொட்டுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியாது. யாராவது ஒருவர் எழுந்து ஓடுவோம்.

போன மே மாதம் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆசை. மூன்றாம் நாள் காலை அவள்தான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பி வந்து கேட்டாள்: “ஏனுங்க மாமா, நீங்க கம்பெனியில மோட்டாருக்குப் போர்டு தானுங்க செய்யறீங்க? நம்ம ஊட்டுக்கு ஒண்ணு செய்யக் கூடாதுங்களா?”

நான் பதினான்கு வருடமாக எம்பெடட் துறையில் இருக்கிறேன். பம்புசெட்டுகளுக்கான கண்ட்ரோல் போர்டுக்கு நிரல் எழுதுவது என் வேலை. “நானே செஞ்சு தர்றேன்” என்று சொல்லியிருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்திருக்கும். “நீயே செய் கண்ணு, நான் கூட இருக்கேன்” என்றேன். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் செய்ததை எழுதி வைக்கிறேன். அவள் நின்ற இடத்தில் இன்று நிற்கிற யாருக்காவது உதவும்.

முதல் நாள் போர்டைக் கையில் கொடுக்கவில்லை. வீட்டில் எத்தனை கணினி இருக்கிறது, எண்ணிக்கொண்டு வா என்றேன். லேப்டாப், மூன்று போன், டிவி என்று ஐந்து சொன்னாள். மறுபடி போகச் சொன்னேன். வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், டிவி ரிமோட், புதிதாக மாட்டிய கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஃபேன், வாசலில் இருக்கும் எலக்ட்ரானிக் ஈபி மீட்டர் என்று கணக்கு நீண்டது. கடைசியாக ஸ்கூட்டரைக் காட்டினேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு நம் ஊர் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்பதை இப்போது ஒரு சின்னக் கணினி முடிவு செய்கிறது. இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டிலோ ஒளிந்திருக்கும் அதை யாரும் கணினி என்று கூப்பிடுவதில்லை.

இதைத்தான் தமிழில் உட்பொதிந்த கணினி என்கிறார்கள். பேச்சில் எல்லோரும் எம்பெடட் என்றுதான் சொல்கிறோம். ஒரு பொருளுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரே வேலையை, அந்தப் பொருள் இருக்கும்வரை செய்துகொண்டிருக்கும் கணினி. அதற்குத் திரை வேண்டியதில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சிப் நாள் முழுக்கத் தூங்குகிறது. பொத்தானை அழுத்தும்போது மட்டும் விழித்து, சேதியை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிப்போகிறது. அதனால்தான் இரண்டு சின்ன பேட்டரி மாதக்கணக்கில் வருகிறது.

நான் இதைக் கற்ற விதம் வேறு. கல்லூரி ஆய்வகத்தில் 8085 என்ற நுண்செயலி சிப்பை வைத்த பயிற்சி கிட் இருந்தது. 1976இல் வந்த சிப்புக்கு நாங்கள் பதினாறடிமான எண்களைத் தட்டி உள்ளே அனுப்புவோம். இரண்டு எண்ணைக் கூட்டு, விடையை ஒரு முகவரியில் வை, கடைசியில் 76 என்று அடி. 76 என்றால் ‘நில்’ என்று கட்டளை. பிறகு அந்த முகவரியைத் திறந்து பார்த்து, விடை சரியாக இருந்தால் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம். தேர்வுக்கு 8051 என்ற சிப்பின் நாற்பது கால்களையும் படம் வரைந்து பெயர் எழுதினோம். அந்த நாற்பதில் ஒன்றில்கூட ஒரு விளக்கை எரியவிட்டுப் பார்த்ததில்லை. ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் சின்ன இடம்) என்றால் என்ன, முகவரி என்றால் என்ன என்று அந்த கிட் கற்றுத் தந்தது. அது இன்றும் சோறு போடுகிறது. ஆனால் ஒரு பெரிய விஷயத்தைத் தலைகீழாக மனதில் பதித்துவிட்டது. நிரல் என்றால் தொடங்கும், கணக்குப் போடும், நிற்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். வேலையில் முதல் நாளே பார்த்த நிரலில் ‘நில்’ என்பதே இல்லை. மோட்டார் போர்டில் ஓடும் நிரல் எங்கே போய் நிற்கும்? கரண்ட் இருக்கும்வரை அது சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதற்கு யாரும் உள்ளீடு தட்டித் தருவதில்லை. தண்ணீரையும் நேரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

போர்டுக்கு வருவோம். ஆர்டுயினோ ஊனோ வாங்கினேன். சந்தையில் இதைவிட வேகமானது, வைஃபை உள்ளது, விலையும் குறைந்தது இருக்கிறது. இஎஸ்பி32 அப்படிப்பட்டது, என் வேலையில் தினமும் பயன்படுத்துகிறேன். இருந்தாலும் முதல் போர்டாக அதைத் தர மாட்டேன். வைஃபை கையில் கிடைத்ததும் மனம் போன் ஆப் பக்கம் போய்விடும். கம்பிக்கு இந்தப் பக்கம் நடப்பதைக் கவனிக்கத் தோன்றாது. ஆர்டுயினோ 2005 வாக்கில் இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரில், ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் பிறந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் தங்கள் படைப்பில் ஒரு சிப்பை வைக்க முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அதே நிறுவனத்தில் எர்னாண்டோ பர்ராகான் என்ற கொலம்பியா நாட்டு மாணவர் 2003இல் தன் ஆய்வுக்காகத் தொடங்கிய ‘வயரிங்’ என்ற நிரலாக்கத் தளம் அதற்கு அடித்தளம். பொறியாளருக்காகச் செய்யாததால்தான் அது பயமுறுத்துவதில்லை என்று நினைக்கிறேன்.

ஊனோவில் இருப்பது ஏடிமெகா328பி சிப். நிரலுக்கு 32 கேபி இடம், ஓடும்போது எழுதி அழிக்க 2 கேபி நினைவகம், வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். 2 கேபி என்றால் எவ்வளவு என்று அவளுக்குப் புரியவைக்கத் தமிழையே எடுத்துக்கொண்டேன். யூனிகோடில் வழக்கமாகச் சேமிக்கும் முறையில் ‘அ’ என்ற எழுத்துக்கு 3 பைட். ‘கி’ என்றால் ‘க’வும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். 2 கேபி என்பது 2048 பைட், அதில் மொத்தம் 682 குறிகள்தான் கொள்ளும். நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தியும் இதற்கு முந்தையதும் சேர்ந்தால் அதற்குள் அடங்காது. சந்திரனுக்குப் போன அப்போலோ கலத்தின் கணினியிலும் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் 15 பிட் அளவில் 2048 சொற்கள்தான், இதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அதைக் கேட்டதும் அவள் அந்தச் சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வாங்குவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, மற்றவர்களுக்குக் கூரியர். போர்டு, சாலிடர் இல்லாமல் கம்பி செருகிப் பழகும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர், சில ரெசிஸ்டர், எல்.இ.டி., பொத்தான், கூடவே வோல்ட்டும் கரண்டும் அளக்க ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டரை விட்டுவிடாதீர்கள். யுஎஸ்பி கேபிளில் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகும் ரகம் ஒன்று உண்டு. அதைச் செருகினால் போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ போர்டு தெரியாது. தொடங்கும் நாளே மனம் உடைந்துபோக அது ஒன்று போதும். போர்டு வரும்வரை வோக்வி, டிங்கர்கேட் மாதிரி இணைய சிமுலேட்டரில் பழகலாம். ஆனால் சிமுலேட்டரில் கம்பி கழன்று போகாது.

விளக்கைச் சிமிட்ட வைப்பது அரை மணி நேர வேலை. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்தவள் என்பதால் மொழி அவளுக்குச் சிக்கலாக இல்லை. ‘செட்டப்’ ஒரு முறை ஓடும், ‘லூப்’ ஓய்வே இல்லாமல் ஓடும் என்றேன். “அப்ப இது எப்பங்க முடியும்?” என்றாள். பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன்.

பொத்தானில்தான் நாங்கள் இரண்டு நாள் தங்கினோம். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எண் ஒன்று கூட வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. அவள் எழுதிய நிரல் சரியாகவே இருந்தது. முதலில், அழுத்தாமலே எண் ஓடியது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் வேகமாக ஓடியது. எதனோடும் சேராத கால் காற்றில் தொங்குகிறது. ஒன்றா பூஜ்யமா என்று அதற்கே தெரியாது, சுற்றியிருக்கும் கரண்ட் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோஓம் வரை, காலை ‘ஒன்று’ பக்கம் இழுத்து வைக்கும் ஒரு புல்லப் ரெசிஸ்டர் இருக்கிறது. ஒரு சொல்லில் அதை இணைத்துவிடலாம். இணைத்ததும் எண் அடங்கியது.

இப்போது பொத்தானை அழுத்தினாள். திரையில் 1. மறுபடி அழுத்தினாள். 2. மூன்றாவது அழுத்தலுக்கு 5. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள், 6. அடுத்தது 9. நிரலை மேலிருந்து கீழே மூன்று முறை படித்தாள். தவறு இல்லை. “நான் ஒரு தடவைதானுங்க அமுக்குனேன்” என்றாள்.

தப்பு அவளுடையதும் இல்லை, நிரலுடையதும் இல்லை. பொத்தானுக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு இன்னொன்றின் மேல் விழுகிறது. பித்தளை டம்ளரைத் தரையில் வைக்கும்போது கவனித்தால் தெரியும், அது ஒரே அடியாக உட்காராது. டக-டக என்று இரண்டு மூன்று முறை துள்ளித்தான் அடங்கும். அந்தத் தகடும் அப்படித்தான் சில மில்லி விநாடி துள்ளுகிறது. நம் விரலுக்கு அது தெரியாது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு 5 மில்லி விநாடி என்பது 80,000 துடிப்பு. தகடு துள்ளும் ஒவ்வொரு முறையும் அது நேர்மையாக எண்ணிச் சொல்கிறது. இருபது மில்லி விநாடி பொறுத்து, நிலை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணச் சொன்னால் போதும். அவள் அதை எழுதி, நூறு முறை அழுத்தி, நூறு என்று வந்ததும் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினாள்.

அந்த நூறு அழுத்தலுக்காகவே இந்தத் துறையை நேசிக்கிறேன். வெறும் மென்பொருளில் ‘உண்மை’ என்றால் உண்மை. இங்கே தகடு துள்ளும், தண்ணீர் அலையடிக்கும், கம்பி துருப்பிடிக்கும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை பிறகு எந்த போர்டையும் கற்றுக்கொள்ளும்.

அப்புறம் நேரம். சிமிட்டும் விளக்குக்கு ‘டிலே’ போட்டுக் காத்திருந்தால் அந்த ஒரு நொடி சிப் வேறு எதையும் பார்க்காது. தொட்டி நிறைந்தாலும் கண்டுகொள்ளாது. அதனால் மில்லி விநாடிகளை எண்ணும் ‘மில்லிஸ்’ என்ற கடிகாரத்தை அவ்வப்போது பார்த்து, நேரம் ஆயிற்றா, ஆகவில்லையா, சரி அடுத்ததைப் பார் என்று எழுத வேண்டும். நாலு அடுப்பில் சமைப்பவர் ஒரே பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்க மாட்டார். அவள் அந்த நேரத்தைச் சாதாரண ‘இன்ட்’ என்ற முழு எண் வகையில் வைத்திருந்தாள். முப்பத்திரண்டு நொடி வரை எல்லாம் ஒழுங்கு, அதன் பிறகு விளக்குக்குப் பைத்தியம் பிடித்தது. ஊனோவில் ‘இன்ட்’ 16 பிட்தான். 32,767ஐத் தாண்டியதும் எதிர்மறை எண்ணாகிவிடும். சரியான வகையில் வைத்தாலும் அந்தக் கடிகாரம் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி. இப்போதிலிருந்து அப்போதைக் கழித்துப் பார்த்தால் அந்தத் திருப்பத்திலும் கணக்கு தவறாது. இதை நான் சொன்னபோது தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

தொட்டிக்கு முதலில் மூன்று செம்புக் கம்பிகளை வெவ்வேறு உயரத்தில் தொங்கவிட்டாள். தண்ணீர் தொட்டால் கரண்ட் கடக்கும், சிப் படிக்கும். அருமையாக வேலை செய்தது, பத்து நாள். பதினோராம் நாள் மேலே ஏறிப் பார்த்தால் ஒரு கம்பி பச்சை பூத்து நுனி கரைந்திருந்தது. ஐந்து வோல்ட்டை ஒரே திசையில் நாள் முழுக்கத் தண்ணீருக்குள் விட்டால் நேர்முனைக் கம்பி மெதுவாகக் கரைந்து தண்ணீரோடு போகும். “இந்தத் தண்ணியிலயா சோறாக்கினோம்?” என்று அம்மா கேட்டது சரியான கேள்வி. அன்றே தொட்டியைக் கழுவிவிட்டோம். படிக்கும் நேரத்தில் மட்டும் சில மில்லி விநாடி கரண்ட் விடலாம், திசையை மாற்றி மாற்றி விடலாம், எவர்சில்வர் கம்பி போடலாம். வழிகள் உண்டு, ஆனால் குடிதண்ணீர் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்வது ஃப்ளோட் ஸ்விட்ச்தான். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த ஒரு ஸ்விட்ச். கரண்ட் தண்ணீரைத் தொடுவதே இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மாட்டினோம். ஒன்று மட்டும் போட்டால் குழாயிலிருந்து விழும் தண்ணீரின் அலைக்கே மிதவை ஏறி இறங்கி, மோட்டார் நின்று நின்று ஓடும். கீழ் மிதவை இறங்கினால் ஓடு, மேல் மிதவை ஏறினால் நில், நடுவில் இருந்தால் செய்துகொண்டிருப்பதையே செய்.

மோட்டார் பக்கம் அவளை விடவில்லை. 230 வோல்ட்டைத் தொடங்குபவர் தொடக் கூடாது. நானே அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் காண்டாக்டர் (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச்) மாட்டி, சிப் சொன்னால் திறந்து மூடும் எங்கள் சின்ன ரிலேயின் இரண்டு கம்பியை அதில் சேர்த்தார். அந்த ரிலேயையும் சிப்பின் காலில் நேராக மாட்ட முடியாது. சின்ன ரிலேவின் சுருள் கிட்டத்தட்ட 70 மில்லி ஆம்பியர் கேட்கும். கால் ஒன்று நிம்மதியாகத் தருவது 20. அதிகக் கரண்டைத் தர நடுவில் டிரான்சிஸ்டர் வேண்டும், அணைக்கும்போது சுருள் உதைப்பதைத் தாங்க அதற்குக் குறுக்கே டயோடு வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த மாலை, தொட்டி காலி. அவள் ஆன் செய்தாள். காண்டாக்டர் ‘டக்’ என்று பிடித்தது, உடனே விட்டது. மறுபடி ‘டக்’. விட்டது. டக், டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

உட்கார்ந்து யோசித்தோம். ஒவ்வொரு அடிக்கும் போர்டில் தொடக்க விளக்கு மின்னியது, அதாவது சிப் ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆகிறது. ரீசெட் ஆனதும் கால்களெல்லாம் உள்ளீடாகிவிடும், ரிலே விட்டுவிடும், மோட்டார் நிற்கும். நிரல் முதலிலிருந்து தொடங்கும், தொட்டி காலி என்று பார்க்கும், மோட்டாரைப் போடும், மறுபடி ரீசெட். போர்டுக்குப் பவர் பேங்கிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்த்தோம், அப்போதும் அதேதான். எனவே காரணம் சார்ஜரில் இல்லை. “ரிலேயும் தகடுதானுங்க மாமா, அதுவும் பொத்தான் மாதிரி துள்ளுமா?” என்று கேட்டாள். அதேதான். அதே துள்ளல், இந்த முறை 230 வோல்ட்டில். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு தீப்பொறி. காண்டாக்டர் சுருள் ஒவ்வொரு முறையும் எதிர்த்து உதைக்கிறது. மோட்டார் கம்பியோடு ஒட்டி வந்த ஃப்ளோட் கம்பி அந்த இரைச்சலை அப்படியே சிப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. காண்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த உதையை அடக்கும் ஸ்னப்பர் ஒன்றை எலக்ட்ரீஷியன் மாட்டினார். ஃப்ளோட் கம்பியைச் சுவரின் அந்தப் பக்கமாகத் தனியாக இழுத்தோம். நின்றுவிட்டது. அப்படியும் ஒருவேளை ரீசெட் ஆனால் இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் மோட்டாரைத் தொட வேண்டும் என்று அவளாகவே நிரலில் சேர்த்தாள்.

தானாக ரீசெட் ஆவது எப்போதும் கெட்டதில்லை. நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் தட்டி எழுப்ப வாட்ச்டாக் என்று ஒரு டைமர் சிப்புக்குள் இருக்கிறது. இந்தச் சிப்பில் அதிகபட்சம் 8 நொடி. அதற்குள் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று நிரல் சொல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளத் தொடங்கியது. முக்கியமில்லாத வானிலை வேலை ஒன்று, பொதுவாகப் பயன்படுத்தும் ஒன்றைப் பூட்டி வைத்திருக்க, நடுத்தர வேலை ஒன்று இடையில் புகுந்துகொள்ள, மிக முக்கியமான வேலை காத்துக்கிடந்து நேரம் தவறியது. கலம் அதைக் கவனித்துத் தன்னை ரீசெட் செய்துகொண்டதால்தான் உயிரோடு இருந்தது. பூமியில் அதே மாதிரி வைத்திருந்த இன்னொன்றில் கோளாறைத் திரும்ப வரவழைத்து, காரணம் கண்டுபிடித்து, திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினார்கள். அன்று இரவு சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அவள் தட்டில் இருந்ததை மறந்து கேட்டாள்.

ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, அந்த 49 நாள் கணக்கைக் கிளப்பினாள். அதுவரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. நடுவில் கரண்ட் போனால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். “ஆரம்பத்துலயே கடைசிக்குப் பக்கத்துல இருந்து ஓட விட்டா என்னங்க?” என்றாள். லினக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்கள் இதையேதான் செய்து வைத்திருக்கிறார்கள்: கணினியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் உள்ளே ஓடும் ஒரு எண்ணி நிரம்பித் திரும்பும், பிழை இருந்தால் அப்போதே வெளியே வரட்டும் என்று. அது அவளுக்குத் தெரியாது. தானே யோசித்தது. மில்லிஸை நேராகப் படிக்காமல், அதோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டித் தரும் சின்ன ஃபங்‌ஷன் எழுதி, மூன்றாம் நிமிடத்தில் கடிகாரம் திரும்பும்படி வைத்தாள்.

காலை ஐந்தே கால் மணி. மொட்டை மாடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிடக் காத்திருப்பு முடிந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. மூன்றாம் நிமிடம் கடந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி மூடியைத் தள்ளி டார்ச் அடித்து, மிதவை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேல் மிதவை ஒரு முறை ஆடி, நிமிர்ந்தது. கீழே ‘டக்’ என்று காண்டாக்டர் விட்டது.

“மோட்டார ஆரு நிறுத்துனது?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

“யாரும் இல்லீங்க அம்மிச்சி,” என்று மாடிச் சுவரில் எட்டிப் பார்த்துச் சொன்னாள், “அதுவே நின்னுக்கிச்சு.”